எந்தப் போயிரும்?

தம்பிகளா, நம்ம கார் எலக்ட்ரீசியன் வாட்சப் குரூப்புல கேட்டிருந்தீங்க, "பெரியவரே, நாப்பது வருசமா பானெட்டுக்குள்ள தலையை உட்டுக்கிட்டுக் கெடந்தீங்களே, எங்களுக்கு ரெண்டு நாயம் சொல்லுங்க"ன்னு. கேட்டு மூணு மாசம் ஆச்சு. படிச்சுப்போட்டுச் சும்மா இருந்தேன். பதில் வராததைப் பாத்துக் கெழவனுக்குக் கெர்வம்னு நெனைச்சிருப்பீங்க. கெர்வமும் இல்லை, ஒரு வெங்காயமும் இல்லை. சொல்லோணும்னு ஒக்காந்தா, எந்த நாயத்தை எடுத்தாலும் அது சுத்திச் சுத்தி சேலம் ரோட்டுல ஆண்டகளூர் கேட்டுக்கு அக்கட்ட ஒரு வேப்பமரத்தடியில போயி நின்னுக்குது. அதைச் சொல்லாம மத்ததைச் சொன்னா அத்தனையும் பொய்தான். அதனால அதை மட்டும் சொல்றேன். படிச்சு முடிச்சுத் திட்டோணும்னு தோணினா தாராளமாத் திட்டுங்க.

என்ற கடை பரமத்தி வேலூர்ல, நாமக்கல் போற ரோட்டுல இருந்துச்சு. போர்டுல 'டைனமோ, செல்ப், வயரிங்'னு செகப்புப் பெயிண்டுல எழுதியிருக்கும். உங்க கடையிலயும் அப்படித்தான் எழுதியிருப்பீங்க. நெசத்துல இன்னைக்கு ரோட்டுல ஓடற எந்தக் காருலயும் டைனமோ இல்லை. அது ஆல்டர்னேட்டர். வண்டி ஓடற வரைக்கும் கரண்டு தயார் பண்ணி பேட்டரிக்குக் குடுக்கறது அதுதான். அது செத்துப்போச்சுன்னா, பேட்டரியில இருக்கற வரைக்கும் வண்டி ஓடும், தீந்ததும் நட்டநடு ரோட்டுல நின்னுக்கும். சாமானம் மாறி ஒரு தலைமுறை ஆச்சு. நம்ம வாயில மட்டும் இன்னும் டைனமோன்னே கெடக்குது. பேரு பழசாவே இருந்ததுல, அதைச் சோதிக்கற பழக்கமும் எனக்குப் பழசாவே இருந்துபோச்சு.

எனக்குத் தொழில் சொல்லிக் குடுத்தவரு சேலத்துக்குக் கெழக்க அயோத்தியாப்பட்டணத்துல பட்டறை வச்சிருந்தாரு. பேரு வேண்டாம், மனுசன் மண்ணுக்குள்ள போயிட்டாரு. அவருகிட்ட ஒரு வித்தை இருந்துச்சு. டைனமோ வேலை செய்யுதான்னு பாக்கோணும்னா, வண்டியை ஸ்டார்ட் பண்ணி ஓட உட்டுப்போட்டு, பேட்டரி ஒயரைச் சடக்குனு கழட்டிப்போடுவாரு. வண்டி நின்னுபோச்சுன்னா டைனமோ காலி. நிக்காம ஓடுச்சுன்னா டைனமோவுக்கு உசுரு இருக்குது. "மீட்டரெல்லாம் படிச்சவனுக்குடா, நமக்குக் கைதான் மீட்டரு"ம்பாரு. பேட்டரியே இல்லாம வண்டி ஓடறதைப் பாத்து வண்டிக்காரங்க அத்தனை பேரும் வாயைப் பொளந்துக்கிட்டு நிப்பாங்க. நானும் பொளந்தேன். ஏழு வருசம் அவருகிட்டக் கத்துக்கிட்டதுல எனக்கு நெம்பப் புடிச்சது அந்த வித்தைதான்.

அந்தக் காலத்து வண்டிக்கு அது செரி. இப்ப வர்ற வண்டி ஓடறப்ப ஒயரைக் கழட்டினா, பேட்டரிக்குப் போக வேண்டிய கரண்டு போக்கெடம் இல்லாம எகிறி, ஆல்டர்னேட்டருக்குள்ள இருக்கற ரெகுலேட்டரைச் சுட்டுப்போடும். சில வண்டியில கம்ப்யூட்டரையே சுட்டுப்போடும். இது எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காதீங்க. சங்கத்துல ஒருக்கா வகுப்பு வச்சாங்க. உங்க வயசுல ஒரு தம்பி போர்டுல படம் போட்டு, "இனிமேலு யாரும் ஒயரைக் கழட்டாதீங்க, மீட்டரு வையுங்க"ன்னு தொண்டை வத்தச் சொன்னான். நானும் மண்டையை ஆட்டீட்டு, குடுத்த போண்டாவைத் தின்னுபோட்டு வந்தேன். என்ற மருமகன் வாங்கிக் குடுத்த மீட்டரு கடைச் செவுத்துல ஆணியில தொங்கிக்கிட்டுத்தான் இருந்துச்சு. கையை நீட்டினா எட்டும்.

இன்னொரு பழக்கம் எனக்கு வாயில இருந்துச்சு. வண்டிக்காரரு வந்து, "ஏனுங்க, ஊரு வரைக்கும் போயிருமுங்களா?"ன்னு கேப்பாரு. நாம ஒரு பார்வை பாத்துப்போட்டு, "போயிரும், போங்க"ம்போம். நீங்களும் சொல்வீங்க, தெனமும் பத்துத் தடவை சொல்வீங்க. ஒருக்கா முகூர்த்தத்துக்குப் போற மாப்பிள்ளைக் காரு, டைனமோ செத்து என்ற கடை முன்னால வந்து நின்னுது. துறையூர் போகோணும். மாத்த நேரமில்லை. மாப்பிள்ளை பட்டு வேட்டியில வேர்த்துக்கிட்டு நிக்கறான், அவங்கம்மா கண்ணுல தண்ணி. நல்லா சார்ஜ் ஏத்தின பேட்டரி ஒண்ணை மாட்டி, "ஏசி போடாதீங்க, பாட்டுப் போடாதீங்க, எங்கயும் நிறுத்தாதீங்க. போயிரும்"னேன். போயிருச்சு. மக்யா நாளு அந்தம்மா தாம்பூலத் தட்டோட கடைக்கே வந்து, "உங்களுது கைராசிங்க"ன்னாங்க. அதுல இருந்து இந்தச் சுத்துப்பட்டுல நான் கைராசிக்காரன். நான் போயிரும்னு சொன்னா வண்டி போயிரும்னு எனக்கே ஒரு நெனப்பு வந்துபோச்சு. கெரகம், வேறென்ன சொல்றது.

செல்லமுத்துன்னு ஒருத்தரு. ஆத்தோரம் வெத்தலைக் கொடிக்கா வச்சிருக்கறவரு, அதிர்ந்து பேச மாட்டாரு. அவரு சம்சாரம் பாவாயி. அந்தம்மிணிக்குக் கிட்னி ரெண்டும் போயிருச்சு. செவ்வாயும் வெள்ளியும் சேலத்துக்குப் போயி, மெசினுல ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கிட்டு வரோணும். மொதல்ல பஸ்ஸுலதான் போயிக்கிட்டு இருந்தாங்க. திரும்பி வரும்போது நிக்கத் தெம்பில்லாம அந்தம்மிணி பஸ் படியில ஒக்காந்துக்குமாம். அதைப் பாக்கப் பொறுக்காம செல்லமுத்து கம்ப்யூட்டர் வச்ச டீசல் காரு ஒண்ணைப் பழசா வாங்கினாரு. வாங்கின நாள்ல இருந்து அந்த வண்டியில வேற ஆரும் கை வச்சதில்லை, நான்தான்.

சேலம் போற நாள்ல என்ற கடையில நிறுத்தாம போக மாட்டாங்க. பாவாயி பின்சீட்டுல சாஞ்சுக்கிட்டு, கண்ணாடியை எறக்கி, "ஏனுங்கண்ணா, வண்டிக்கு டைனமோ போனா மாத்திப்போடறீங்க, எனக்கு ரெண்டும் போச்சு, ஒண்ணாவது மாத்தி உடுங்களே"ன்னு கேக்கும். சிரிக்கறதா வேண்டாமான்னு நமக்கு வெளங்காது. அது மட்டும் சிரிச்சுக்கிட்டு இருக்கும். ஈரத்துணியில சுத்தி எனக்கு வெத்தலை எடுத்தாந்து குடுக்கும். செல்லமுத்து ஸ்டேரிங்கைப் புடிச்சுக்கிட்டு, "போயிருமுங்களா?"ம்பாரு. நான் "போயிரும்"பேன். உடனே பின்னால இருந்து, "எந்தப் போயிருமுங்கண்ணா?"ன்னு குரலு வரும். நம்ம பேச்சுல போயிரும்னா ஊரு போயிச் சேந்துரும்னும் அர்த்தம், ஒரேயடியாப் போயிரும்னும் அர்த்தம். "சேலம் போயிச் சேர்ற போயிரும், அம்மிணி"ன்னு நான் சொன்னாத்தான் கண்ணாடியை ஏத்தும். ரெண்டு வருசம் இந்த நாயம் ஒருக்காக் கூட தப்பினதில்லை.

அந்த வெள்ளிக்கெழமை கத்திரி வெயிலு. வெடியால எட்டு மணிக்கே தார் ரோடு கண்ணைக் கூசுது. வண்டி வந்து நின்னப்ப பின்சீட்டுக் கண்ணாடி எறங்கலை. எட்டிப் பாத்தேன். பாவாயி மொகம் உப்பிக் கெடக்குது, காலு ரெண்டும் செருப்புல அடங்காம வீங்கியிருக்குது. மூச்சு அரைகொறையா வாங்குது. என்னாச்சுன்னு கேட்டேன். செவ்வாக்கெழமை மெசினுக்குப் போகலைங்கறாரு செல்லமுத்து. சேந்தமங்கலத்துல அவங்க அண்ணன் மக கல்யாணமாம், அத்தைக்காரி சீருக்கு நிக்கோணும்னு ஒத்தக்கால்ல நின்னு போயிருக்குது. டாக்டருக்குப் போன் பண்ணினதுக்கு, வெள்ளிக்கெழமை பத்து மணிக்குள்ள படுக்கையில இருக்கோணும், தாமசம் பண்ணினா என்னைக் கேக்காதீங்கன்னு சொல்லியிருக்காரு.

"முந்தாநாள்ல இருந்து டேஷ்போர்டுல பேட்டரி லைட்டு விட்டு விட்டு எரியுதுங்கண்ணா"ன்னாரு செல்லமுத்து. "இதோட சேலம் போலாமுங்களா? இல்லைன்னா என்ற தங்கச்சி மாப்பிள்ளை வண்டி ஊட்டுலதான் நிக்குது. போன் போட்டா கால் மணி நேரத்துல வந்துரும்."

இந்த வார்த்தையை மனசுல வச்சுக்குங்க. இன்னொரு வண்டி இருந்துச்சு. கால் மணி நேரத்துல வந்திருக்கும். எட்டரைக்குக் கெளம்பியிருந்தாலும் பத்துக்குள்ள சேலம் போயிருப்பாங்க. "கூப்பிடுங்க"ன்னு நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சுது.

நான் பானெட்டைத் தூக்கினேன். பெல்ட்டு லூசு. அதனாலதான் டைனமோ செரியாச் சுத்தாம லைட்டு எரிஞ்சிருக்குது. போல்ட்டைத் தளத்தி, நெம்பி, இழுத்து முறுக்கினேன். பத்து நிமிசம்கூட ஆகலை. ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன், லைட்டு அணைஞ்சிருச்சு. வேலை அங்கயே முடிஞ்சுபோச்சு. பானெட்டைச் சாத்தி அனுப்பியிருந்தா அந்த வண்டி சேலம் என்ன, மெட்ராஸே போயிருக்கும்.

அப்பத்தான் கண்ணாடி எறங்குச்சு. "அண்ணா, இன்னைக்கு வழியில நின்னுக்காதுங்களே? எனக்கு என்னமோ பயமா இருக்குதுங்க"ன்னுது பாவாயி. ரெண்டு வருசத்துல அந்தம்மிணி வாயில இருந்து பயம்கிற சொல்லை நான் கேட்டதே இல்லை. எனக்குப் பொறுக்கலை. தைரியம் சொல்லோணும்னு தோணுச்சு. வாயில சொன்னாப் பத்தாது, கண்ணுல காட்டோணும்னு தோணுச்சு. "இங்க பாரு அம்மிணி, உங்கண்ணன் ஒரு வித்தை காட்டறேன்"னு சொல்லி, ஓடற வண்டியில பேட்டரி ஒயரைச் சடக்குனு கழட்டினேன்.

வண்டி ஒரு குலுக்குக் குலுக்கீட்டு ஓடுச்சு. "பாத்தியா புள்ளை, பேட்டரியே இல்லாம ஓடுது"ன்னு செல்லமுத்து பின்னால திரும்பிச் சொன்னாரு. பாவாயி சிரிச்சுது. மூச்சு வாங்கிக்கிட்டே சிரிச்சுது. எனக்கு அவ்வளவு சந்தோசம். ஒயரைத் திருப்பி மாட்டினேன். டேஷ்போர்டைப் பாத்தேன், லைட்டு எரியலை. நல்லா இருக்கற வண்டியில சாவி போட்டதும் அந்த லைட்டு எரியோணும், ஸ்டார்ட் ஆனப்பறம் அணையோணும். வண்டியை நிறுத்தி மறுபடி ஒருக்காச் சாவி போட்டுப் பாத்திருந்தா, அது எரியவே எரியலைங்கறது தெரிஞ்சிருக்கும். பேட்டரி இல்லாம ஓடின அந்தக் கொஞ்ச நேரத்துல எகிறின கரண்டுல, ஒயரைத் திருப்பி மாட்டறப்பவே ரெகுலேட்டர் கருகிப்போச்சு, லைட்டுக்குச் சேதி சொல்லக்கூட ஆளில்லை. நான் நிறுத்திப் பாக்கலை. மீட்டரை எடுக்கலை. லைட்டு எரியலை, அது போதும்னு இருந்துட்டேன்.

"போயிருமுங்களா?"ன்னாரு செல்லமுத்து.

"போயிரும், போங்க"ன்னேன்.

"எந்தப் போயிருமுங்கண்ணா?" அந்த நெலமையிலயும் கேட்டுதுங்க.

"சேலம் போயி, மெசினுல படுத்து, பொழுதோட திரும்பி வந்து எனக்கு வெத்தலை குடுக்கற போயிரும்"னேன். கண்ணாடி ஏறுச்சு. வெயிலு ஏறுதேன்னு செல்லமுத்து ஏசியை முழுசாத் திருகி உட்டாரு. நானும் பாத்தேன். டைனமோ நல்லாருக்குதுன்னு நெனைச்சுக்கிட்டு இருந்தவன் எதுக்கு வேண்டாங்கப் போறேன்?

ஒம்போதே கால் இருக்கும். டீ டம்ளர் கையில. போன் வந்துச்சு. "அண்ணா, வண்டி நின்னுபோச்சுங்க. ஆண்டகளூர் கேட்டு தாண்டி நிக்கறனுங்க. ஏசி காத்துக் கொறைஞ்சுது, வண்டி வெட்டி வெட்டிப் போச்சு, அப்படியே அணைஞ்சுபோச்சுங்க."

தம்பிகளா, நம்ம பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். வண்டி எங்க நின்னாலும் மொதல் போன் மெக்கானிக்குக்குத்தான். பொண்டாட்டி மூச்சு முட்டிக்கிட்டு இருக்கறப்பவும் அந்த மனுசன் ஆம்புலன்சைக் கூப்பிடலை, என்னைக் கூப்பிட்டாரு. அவ்வளவு நம்பிக்கை. நாமளும் போனுலயே வைத்தியம் சொல்லிப் பழகினவங்க. அதுல ஒரு கெத்து நமக்கு. எனக்கு மொதல்ல தோணினது என்ன தெரியுங்களா? டைனமோ நல்லாத்தானே இருந்துச்சு, எப்படி நிக்கும்? அவ்வளவுதான். பாவாயி நெனப்பு எனக்கு மொதல்ல வரலை.

"பேட்டரி ஒயரு லூசா இருக்கும், ஆட்டிப் பாருங்க"ன்னேன். ஆட்டினாரு. "ஒரு கல்லை எடுத்துத் தட்டுங்க"ன்னேன். தட்டினாரு. "பியூஸ் பெட்டியைத் தெறங்க, மேல இருந்து மூணாவது"ன்னேன். போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவுல இடுக்கிக்கிட்டு ஒவ்வொண்ணாப் பாத்தாரு. "ரெண்டாவது கியருல போட்டுத் தள்ளுங்க"ன்னேன். பேட்டரி சுத்தமாச் செத்த அந்த மாதிரி வண்டி தள்ளினா ஸ்டார்ட் ஆகாது. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சொன்னேன், நான் சொன்ன போயிரும் பொய்யாப் போகக் கூடாதே! ரோட்டுல போற ரெண்டு பேரைக் கூப்பிட்டுத் தள்ளினாரு. போனு சீட்டுல கெடந்துது. அதுல பாவாயி மூச்சு கேட்டுது. அப்பறம் குரலும் கேட்டுது. "ஏனுங்க, எனக்குக் கண்ணைக் கட்டுதுங்க"ன்னுது. செல்லமுத்து மூச்சிரைக்க ஓடி வந்து போனை எடுத்தாரு.

"இன்னொருக்காத் தள்ளிப் பாருங்க"ன்னேன் நான்.

அந்தக் குரலைக் காதுல கேட்டுப்போட்டு இதைச் சொன்னேன். இதுக்கு மேல என்னைப் பத்தி நீங்க என்ன தெரிஞ்சுக்கோணும்? பழைய வித்தையைக் காட்டினது முட்டாத்தனம், அதைக்கூட மன்னிக்கலாம். இதை மன்னிக்க முடியாது.

ரோட்டோரம் வேப்பமரத்தடியில ஒரு அம்மா மோர்ப்பானை வச்சு வித்துக்கிட்டு இருந்திருக்காங்க. அவங்க ஓடி வந்து கத்துனது போனுல எனக்கே கேட்டுது. "அட, வண்டி கெடக்குது உடுங்கய்யா! மொதல்ல அந்தம்மா மூச்சைப் பாருங்கய்யா!" செல்லமுத்து போனை வச்சாரு. நூத்தியெட்டுக்குப் பேசினதும் அந்த மோர்க்காரம்மாதான். என்ற போனுல அந்தப் பேச்சு இருவத்தி மூணு நிமிசம்னு இருக்குது. இன்னும் அழிக்கலை. எழவு, அழிக்கக் கை வரமாட்டேங்குது.

பக்கத்துக் கடைக்காரரு வண்டியில ஒரு பேட்டரியைத் தூக்கிப் போட்டுக்கிட்டுப் பறந்தேன். போறதுக்கு முக்கா மணி நேரம் ஆச்சு. வேப்பமரத்தடியில காரு நின்னுது, பின்கதவு தெறந்தபடி கெடந்துது. ஆளில்லை. ஆம்புலன்சு வந்து ஏத்திக்கிட்டுப் போயி நேரமாச்சுன்னாங்க மோர்க்காரம்மா. "நீதான் அந்த மெக்கானிக்கா?"ன்னு கேட்டாங்க. ஆமாங்கன்னேன். என்ற மூஞ்சியைப் பாத்துட்டு, பின்சீட்டுல கெடந்த ஒரு பையை எடுத்து நீட்டினாங்க. ஈரத்துணியில சுத்தின வெத்தலை. வெடியால குடுக்கறதுக்கு மறந்திருக்குது அந்தம்மிணி.

பழைய பேட்டரியைக் கழட்டிப் புதுசை மாட்டினேன். சாவியைத் திருகினேன். ஒரே அடியில ஸ்டார்ட் ஆச்சு. எத்தனையோ வண்டி ஒரே அடியில ஸ்டார்ட் ஆனப்ப எனக்குள்ள குளுந்திருக்குது. அன்னைக்கு அந்தச் சத்தத்தைக் கேக்க முடியாம அணைச்சுப்போட்டு, கதவுமேல சாஞ்சு நின்னேன்.

அப்பத்தான் மறுபடி போன் வந்துச்சு. "அண்ணா, பாவாயி போயிட்டாளுங்க"ன்னாரு செல்லமுத்து. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் உசுரு இருந்திருக்குது. உள்ள கொண்டு போறதுக்குள்ள அடங்கிப்போச்சாம். கால் மணி நேரம் முந்தி வந்திருந்தா ஒரு கை பாத்திருக்கலாம்னு டாக்டரு சொல்லியிருக்காரு. கால் மணி நேரம்! நான் இருவத்தி மூணு நிமிசத்தைத் தின்னுபோட்டேன்.

ஏசி போடாம, பாட்டுப் போடாம, எங்கயும் நிறுத்தாம அந்த வண்டியைப் புதுப் பேட்டரியிலயே ஓட்டிக்கிட்டு வந்து கடையில உட்டேன். மக்யா நாளு டைனமோவைக் கழட்டிப் பிரிச்சுப் பாத்தேன். சங்கத்துத் தம்பி போர்டுல படம் போட்டுக் காட்டினது அப்படியே இருக்குது. கார்பன் நல்லாருக்குது, பேரிங்கு நல்லாருக்குது, காயிலு நல்லாருக்குது. ரெகுலேட்டரு மட்டும் கருகி வெடிச்சுக் கெடக்குது. தானாக் கெட்டதா நான் கெடுத்ததான்னு சந்தேகம் இருந்திருந்தா, அதைப் புடிச்சுக்கிட்டாவது பொழைச்சுப்பேன். சந்தேகமே இல்லை. ரெகுலேட்டரை மாத்தி, பூட்டி, மீட்டரை ஆணியில இருந்து எடுத்து வச்சுப் பாத்தேன். சார்ஜ் செரியா ஏறுது. பாக்க வேண்டிய அன்னைக்குப் பாக்காம, எல்லாம் முடிஞ்சப்பறம் பாத்தேன்.

கடையை அந்த வருசமே மூடினேன். கண்ணு மங்கிப்போச்சுன்னு எல்லாருகிட்டயும் சொன்னேன். கண்ணு இன்னைக்கும் நல்லாத்தான் தெரியுது. ஒயரைத் தொட மனசு வரலை, அதான் நெசம். உங்களுக்குப் புத்தி சொல்ல நான் ஆரு? ஆனா கேட்டுப்போட்டீங்க. மீட்டரை ஆணியில தொங்க உடாதீங்க, சட்டைப் பையில வையுங்க. ரோட்டுல இருந்து ஆராவது போன் பண்ணினா, வண்டிக்கு என்னாச்சுன்னு மொதல்ல கேக்காதீங்க. வண்டியில ஆரு இருக்காங்கன்னு கேளுங்க. இதை எனக்கு ஆரும் சொல்லித் தரலை. மோர் விக்கற ஒரு அம்மாவுக்குச் சொல்லாமயே தெரிஞ்சிருந்துச்சு. இதையெல்லாம் நீங்க கேட்டு நடந்தாலும் பாவாயி திரும்பி வரப் போறதில்லைங்கறதும் எனக்குத் தெரியும்.

செல்லமுத்துகிட்டச் சொன்னனான்னு கேப்பீங்க. பதினாறு முடிஞ்சு ஒரு வாரம் கழிச்சு, வண்டியை எடுத்துக்கிட்டுப் போக பஸ்ஸுல வந்தாரு. மொட்டைத் தலை, தாடி, சட்டை தொளதொளன்னு தொங்குது. டீ வாங்கிக் குடுத்தேன், குடிக்கலை. வண்டியைத் தடவிப் பாத்துக்கிட்டே இருந்தாரு.

"ஒண்ணு கேக்கோணுமுங்கண்ணா. நெசத்தைச் சொல்லோணும்"னாரு.

இவருக்குத் தெரிஞ்சுபோச்சுடா சாமின்னு நெனைச்சேன். சரி, இன்னைக்கு இவருகிட்ட அடி வாங்கியாவது தொலைச்சுக்கலாம்னு ஒரு நிம்மதிகூட வந்துச்சு.

"நான் ஏசியைப் போட்டதுனாலதானுங்களே பேட்டரி எறங்கிப்போச்சு? அவளுக்கு வேர்க்குதேன்னு முழுசா வச்சு உட்டனுங்க. பாட்டும் போட்டனுங்க. நான்தானுங்களே அவளைக் கொன்னுபோட்டேன்?"

இல்லீங்கன்னு சொல்லோணும். டைனமோ நல்லா இருந்தா ஏசி என்ன, பத்து ஏசி போட்டாலும் பேட்டரி எறங்காதுன்னு சொல்லோணும். ஒயரைக் கழட்டினது நானுங்கன்னு சொல்லோணும். கருகின ரெகுலேட்டரு மேசை டிராயருக்குள்ளதான் இருந்துச்சு, எடுத்துக் கையில குடுத்திருக்கலாம். வாய் வரைக்கும் வந்துச்சுங்க. வந்து நின்னுக்கிச்சு. "வெசனப்படாதீங்க, எல்லாம் விதிங்க"ன்னேன். அவரு தலையை ஆட்டினாரு. நான் இல்லைன்னு சொல்லலை, அதனால ஆமான்னு எடுத்துக்கிட்டாரு.

அந்த மனுசன் இன்னைக்கும் இருக்காரு. கத்திரி வெயில்லயும் நாலு கண்ணாடியையும் எறக்கி உட்டுக்கிட்டு, வேர்த்து ஒழுக வண்டி ஓட்டிக்கிட்டுப் போறாரு. பேரப்புள்ளைக அழுதாலும் ஏசியைத் தொட உடறதில்லையாம். என்னைப் பாத்தா வண்டியை நிறுத்தி, "கைராசிக்காரரு"ன்னு பக்கத்துல இருக்கறவங்களுக்குச் சொல்றாரு. நான் சொல்ல வேண்டிய ஒரு வார்த்தையைச் சொல்லாம, என்ற பாவத்தை அவரு தலையில தூக்கி வச்சுட்டேன். ரெண்டு தடவை அவரு கொடிக்கா வரைக்கும் போயி, வாசப்படலைத் தொட்டுப்போட்டுத் திரும்பி வந்திருக்கேன். இதை எழுதினப்பறமாவது மூணாவது தடவை உள்ள போவனான்னா, தெரியலை. போவேன்னு சொல்ல வாய் வரமாட்டேங்குது.

அன்னைக்கு அவரு வண்டியில ஏறி ஒக்காந்தாரு. சாவியைப் போட்டாரு, லைட்டு எரிஞ்சுது, ஸ்டார்ட் ஆனதும் அணைஞ்சுது, எல்லாம் மொறையா நடந்துச்சு. எட்டி எட்டி நாலு கண்ணாடியையும் எறக்கினாரு. "ஏசி வேண்டாமுங்கண்ணா"ன்னு அவராவே சொன்னாரு. அப்பறம் ரெண்டு வருசப் பழக்கத்துல, ஸ்டேரிங்கைப் புடிச்சுக்கிட்டு, என்னைப் பாக்காம, "போயிருமுங்களா?"ன்னு கேட்டாரு.

"போயிருமுங்க"ன்னேன்.

ரெண்டு பேருமே பின்சீட்டைத் திரும்பிப் பாத்தோம். எந்தப் போயிரும்னு கேக்க ஆளில்லை.